வெள்ளைக்காரி வந்த வாய்தா

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று ஜட்ஜ் வாயால் சொல்ல வேண்டும். அவனுக்கு ஜெயில் கிடைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த தெருவின் குழாயடியில் பாதிப் பேர் அவளைப் பொய்க்காரி என்றார்கள். மீதிப் பேர் சொன்ன வார்த்தையை எழுதக் கை கூசுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவளை முதலாளியின் தம்பி கெடுத்தான். ஊர் அவனை ஒரு சொல் கேட்கவில்லை. அவன் வழக்கம்போல வெள்ளை வேட்டியில் டீக்கடைக்கு வந்துபோனான்.

அம்மா அன்றைக்குச் செய்ததை எங்கள் ஊர்க்காரி யாரானாலும் செய்திருப்பாள். சொறி, சிரங்கு, காயம் எதுவானாலும் எங்களுக்குக் கோயில் புற்று மண்தான் மருந்து. அக்காவுக்குத் தலைக்கு ஊற்றி, கழுத்திலும் கையிலும் இருந்த நகக் கீறல்களில் அந்த மண்ணைக் குழைத்துப் பூசினாள். ஆறும்வரை வாசல் தாண்ட விடவில்லை. ஆறிய மறுநாள் அக்கா, "நான் ஸ்டேசனுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். அம்மா அழுது பார்த்தாள், நடக்கவில்லை. போலீஸ்காரர்கள் டாக்டரிடம் அனுப்பினார்கள். உடம்பில் காயம் எதுவும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவரை என்ன சொல்ல? அவர் பார்க்கும்போது இல்லைதான்.

கேஸ் ஜில்லா கோர்ட்டுக்குப் போனது. இருட்டோடு எழுந்து பஸ் ஏறுவோம், மத்தியானம் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவோம். இப்படியே வருஷம் ஓடியது.

ஒருவழியாக அக்கா கூண்டில் ஏறிய அன்று, மெட்ராஸிலிருந்து ஒரு மாதர் சங்கத்துப் பெண் ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இப்படிப்பட்ட பெண்களை நம் கோர்ட்டுகள் நடத்தும் விதத்தைப் பார்த்து வெளிநாடுகளில் கேள்வி கேட்கிறார்களாம், சர்க்காரை நெருக்குகிறார்களாம், இந்தம்மா நேரில் பார்க்க வந்திருக்கிறாராம். அவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், கோர்ட்டே வேறாகிவிட்டது. அக்காவுக்கு நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. வேடிக்கை பார்க்க நின்ற ஆண்களை வெளியே போகச் சொன்னார்கள். வராந்தாவில் எங்களைப் பார்த்து இளித்த எதிர் வக்கீல்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஜட்ஜ் குனிந்து கேட்டார். குறுக்கு விசாரணையை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளினார்கள்.

வெளியே வந்ததும் மெட்ராஸ்காரியைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த வாய்தாவுக்கும் இவ்வொ வருவாவளா?"

"இல்லம்மா. டெல்லிக்குப் போறாங்க. பார்த்ததை அங்கே சொல்லுவாங்க. உங்க அக்கா மாதிரி ஆயிரம் பொண்ணுங்களுக்காகச் சட்டம் மாறும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆயிரம் பேரு பொறவு இருக்கட்டும். எங்க அக்காவுக்கு இவ்வொ அந்தப் பெஞ்சில உக்காந்தாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். அவள் இங்கிலீஷில் சொன்னாள். வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். நல்லவர்தான். ஆனால் அந்தக் காரின் முன்னால் விழுந்து மறித்திருக்கலாமா என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த வாய்தாவில் நாற்காலி இல்லை. போகச் சொன்ன ஆட்கள் எல்லாரும் உள்ளே நின்றார்கள், கூடவே முதலாளி வீட்டுக் கூட்டமும்.

"நகம் பட்டதுங்கியே, தழும்பு எங்க?" என்றார் எதிர் வக்கீல்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். "ஐயா, நாந்தான் பூசுனேன். கோயிலு புத்து மண்ணு. ஆறட்டும்னுதான் பூசுனேன். இப்படிக் கேப்பாவன்னு எனக்குத் தெரியாது."

கோர்ட் சிரித்தது. ஜட்ஜ் அம்மாவை உட்காரச் சொன்னார். நடந்ததைத் திரும்பத் திரும்ப, எல்லார் முன்னாலும், எப்படி எப்படி என்று கேட்டார் வக்கீல். ஒவ்வொரு கேள்விக்கும் அக்கா வாசலையே திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாரும் வரவில்லை. கடைசியில் அவள் சொல்வதை நம்புவதற்கில்லை என்று ஜட்ஜ் அவனை விட்டுவிட்டார். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கோயில் பக்கமே போகவில்லை.

சில வருஷம் கழித்து ரேடியோவில் சொன்னார்கள். நம் ஊர்ப் பெண்கள் தெருவில் இறங்கியும் வெளிநாட்டார் நெருக்கியும் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். இனி இந்த மாதிரி கேஸ்களைக் கதவை மூடிக்கொண்டுதான் விசாரிப்பார்களாம். நான் அரசு வக்கீலைத் தேடிப் போய்க் கேட்டேன். முடிந்த கேசுக்கு அது செல்லாது என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கை நின்றது.

"அந்தம்மா இருந்த அன்னைக்கே கேள்வியையும் கேட்டு முடிச்சிருந்தா, நான் உண்மை சொன்னவளா இருந்திருப்பேன். இல்லியா, ஏட்டி?"

"ஆமாக்கா" என்றேன்.