உடையும் சாமான்

போன வாரம் வீட்டில் கரண்ட் போய்விட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து, பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றைப் பிடுங்கி என் கையில் வைத்தார். "இதையெல்லாம் இப்ப யாரும்மா வெச்சிருக்கா? பிளாஸ்டிக்குல வந்துட்டுது. தூக்கிப் போடுங்க" என்றார். போடவில்லை. அவர் போன பிறகு மூக்கருகில் கொண்டுபோனேன். சுட்ட பீங்கானுக்கு வாசனையே கிடையாது. எனக்கு மட்டும் ஈரக் களிமண் வாசம் அடித்தது. அது என் அம்மாவின் வாசம்.

விருத்தாசலத்தில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் அம்மா வேலை பார்த்தாள். களிக்கூழை அச்சில் ஊற்றுவது, காய்ந்ததைத் தட்டி எடுப்பது, ஓரம் சீவுவது. சாயங்காலம் வீடு வரும்போது இமை மயிர் வரை வெள்ளையாக இருக்கும். ஃபியூஸ் கட்டைதான் அதிகம் ஓடும், நடுநடுவே டீக் கிண்ணமும் வரும். சூளையில் கோணிக்கொண்டதையும் விளிம்பு உதிர்ந்ததையும் ரிஜெக்ட் பீஸ் என்று ஒதுக்குவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். கிண்ணம் ரிஜெக்ட் ஆகிறதென்றால் அம்மாவுக்குக் கொண்டாட்டம். சனிக்கிழமைதோறும் சபைப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பார்க்க ஆளில்லாமல் கிடக்கிற நோயாளிகளுக்கு அதில்தான் கஞ்சி ஊற்றிக் கொடுப்பாள்.

சபை என்றதும் கோபுரம், மணி என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை, கீழே பாய், ஒரு டோலக். எனக்கு மஞ்சள் காமாலை வந்து வீட்டில் எல்லாரும் கைவிட்டபோது, ஊர் பேர் தெரியாத நாலு பெண்கள் தினமும் கஞ்சியோடு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார்கள். நான் பிழைத்துக்கொண்டேன். அம்மா அவர்களோடு போய்விட்டாள். போனவள் பூவை விட்டாள், வளையலை விட்டாள், பொட்டையும் விட்டாள்.

அப்பாவுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது. மண் லாரியில் லோடுமேன். ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். "நான் உசுரோட இருக்கறப்பவே பொட்ட அழிச்சிட்டு நிக்கிறியே, என்னை அதுக்குள்ள பாடையில ஏத்திட்டியாடி?" என்று ஆரம்பிப்பார். கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார். கரண்டி, பெல்ட்டு, ஒரு தடவை உரலுக்குள் இருந்த குழவி. அடிப்பதற்கு முன்னால் எதையாவது உடைக்க வேண்டும் அவருக்கு. சுவரில் கிண்ணம் பட்டுத் தெறிக்கும் சத்தம் வந்தால் நான் கையால் தலையை மூடிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவேன். அடுத்தது நம் முதுகு என்று அர்த்தம். ஊருக்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்குழம்பு வாசம். எனக்கு இன்றைக்கும் வாயில் ரத்தம் கசிந்த ருசி.

அம்மா அழுதுகொண்டு உட்காரவில்லை. ஒரு ஏற்பாடு செய்தாள். ஞாயிறு விடிந்ததும் வீட்டில் உடைகிற சாமானையெல்லாம் கூடையில் அடுக்கி, பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அத்தையிடம் கொடுத்துவிடுவாள். முகம் பார்க்கிற கண்ணாடி, சிம்னி விளக்கு, ஆஸ்பத்திரிக் கிண்ணங்கள் எல்லாம். ஊரே பீங்கான் செய்கிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எவர்சில்வர் மட்டும்தான் இருக்கும்.

பூங்காவனம் அத்தை மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள். கூடையை வாங்கிக்கொண்டே கேட்பாள்: "ஏ அஞ்சல, ஒரு வாரம் லீவு கேட்டா உன் ஆண்டவரு தரமாட்டாராடி?"

"ஆடி மாசம் கூழு ஊத்தாம இருந்தா உங்க ஆத்தா உட்டுடுவாளாக்கா?"

"நல்லா பேசுற. திருப்பி அடிக்கத்தான் தெரியல."

நான் பத்தாவது படித்த வருஷம் அது. எங்கள் வகையறாவில் பத்தாவது வரை போன முதல் ஆள் நான்தான், நோட்டுப் புத்தகமெல்லாம் சபைதான் வாங்கிக் கொடுத்தது. கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு சபையில், அப்பமும் திராட்சை ரசமும் தருகிற இராப்போஜனம். காலை பத்து மணிக்குச் சாப்பிடுவதற்கு ஏன் அந்தப் பெயர் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சபைக்கு ஆள் கூடிப்போய், திராட்சை ரசம் ஊற்றுகிற கண்ணாடிக் கிண்ணங்கள் பற்றவில்லை. அம்மா அத்தை வீட்டுக் கூடையிலிருந்த பீங்கான் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போனாள். அப்படித்தான் தப்பு நடந்தது. வீட்டில் அப்பா எழுந்து, எதையாவது உடைக்கலாம் என்று தேடியிருக்கிறார். எவர்சில்வர் சொம்பை எறிந்திருக்கிறார். அது நசுங்கியதே தவிர உடையவில்லை. அம்மா கிண்ணக் கூடையோடு சபைக்குப் போனதைத் தெருவில் யாரோ சொல்ல, உடைவதெல்லாம் எங்கே போயிருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

லாரியின் ஜாக்கிக் கம்பியோடு சபைக்குள் வந்தார். முதலில் மேஜையை உதைத்தார். கிண்ணங்கள் எல்லாம் ஒரே சத்தமாகச் சரிந்தன. வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு. "பொண்டாட்டிய மயக்குனது பத்தாதுன்னு புள்ளையையும் படிக்கவெக்கிறீங்களா?" என்று கத்திக்கொண்டே வீசினார். மறித்த பாஸ்டரின் முன்கையில் பட்டது. பச்சை விறகு முறிகிற மாதிரி கேட்டது. பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்சுவருக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. நழுவிய முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாயில் அப்படியே முழங்காலில் நின்றாள்.

"எழுந்து வாடி வூட்டுக்கு."

"ஆராதனை முடியலீங்க."

தோளில் ஒன்று. சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தாள். புருவத்தில் ஒன்று. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. நான் அவர் காலைப் பிடித்துத் தொங்கினேன். என் வயிற்றில் விழுந்த உதையில் மூச்சு நின்றுவிட்டது. அதற்குள், அவர் கம்பியோடு கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே ஓடிவந்த பூங்காவனம் அத்தை உலக்கையோடு வாசலில் நின்றாள், நெற்றி நிறைய குங்குமத்தோடு. "இன்னொரு அடி வெச்சியினா மண்டைய பொளந்துருவன்டா!" ஆண்களுக்கு அப்போதுதான் கை கால் வந்தது. நாலு பேராகச் சேர்ந்து அவரை வெளியே இழுத்துப் போனார்கள்.

பாஸ்டர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் வூட்டுக்குப் போங்க" என்றார். அம்மா புருவத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு, "இன்னும் பந்தி முடியலீங்களே பாஸ்டரய்யா" என்றாள். உடைந்த ஓடுகளுக்கு நடுவே விளிம்பு உதிர்ந்த ஒரே ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது. மீதமிருந்த ரசத்தை அதில் ஊற்றி, ஊர்த்தெரு, காலனி, தனித்தனியாகத் தண்ணி குடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய்வைத்தார்கள். என் முறை வந்தபோது உதிர்ந்த விளிம்பு உதட்டைக் கீறியது.

அன்று சாயங்காலம் அப்பா வாசலில் வந்து நின்றார். அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கண் மூடியே போயிருந்தது.

"உங்கள மன்னிச்சிட்டேங்க. தெனமும் உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். ஆனா இனிமே இந்த வூட்டுக்குள்ள வராதீங்க."

கதவைச் சாத்தினாள். கொஞ்ச நாள் கூரைமேல் கல் விழுந்தது. அப்புறம் அதுவும் நின்றது. அடுத்த ஞாயிறு கூடையைத் தூக்காமல் சபைக்குப் போனாள். கண்ணாடி சுவரில்தான் இருந்தது.

நான் காலேஜ் முடிக்கிற சமயம், ஒரு சனிக்கிழமை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பார்க்க ஆளில்லாதவர்கள் படுக்கிற வரிசையில் கடைசியில் அப்பா கிடந்தார். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி. அம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு மற்றவர்களுக்கு ஊற்றுவது போலவே கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி நீட்டினாள். வாங்கிய கையில் பிடிக்க வலுவில்லை. கிண்ணம் நழுவி சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறியது. அந்தச் சத்தம் கேட்டதும், உங்களால் நம்ப முடியாது, அப்பா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டார்.

அம்மா குனிந்து ஓடுகளைப் பொறுக்கினாள். "பயப்படாதீங்க. ரிஜெக்ட் பீஸுதான்" என்றாள். வேறு கிண்ணத்தில் ஊற்றி, இந்தத் தடவை தானே ஊட்டினாள். அவர் போகிறவரை சனிக்கிழமை மட்டுமில்லை, எல்லா நாளும் போனாள். இறந்த அன்று சாங்கியம் செய்ய வந்த சொந்தக்காரப் பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து கையைப் பிசைந்தார்கள். அழிக்கப் பொட்டு இல்லை. உடைக்க வளையல் இல்லை.

இப்போது அந்தக் கம்பெனிச் சூளையில் வேலிகாத்தான் முளைத்திருக்கிறது. பூங்காவனம் அத்தை மகனோடு திட்டக்குடிப் பக்கம் போய்விட்டாள். கொட்டகை இருந்த இடத்தில் டைல்ஸ் போட்ட சபை. திராட்சை ரசத்தைத் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் கிண்ணத்தில் தருகிறார்கள். போன மாதம் முதல் ஞாயிறு எங்களுக்கு முன்வரிசையில் ஒரு குழந்தை தட்டிவிட, நாலைந்து கிண்ணங்கள் சரிந்தன. அம்மாவும் நானும் ஒரே நேரத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டோம்.

சத்தமே வரவில்லை.