மாபோல வராத ரோடு

போன கிழமை கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போன ஏசி பஸ்ஸில் யாரோ ஒருவர் கருவாட்டுப் பார்சலை மேல்தட்டில் வைத்துவிட்டார். பாலாவிச் சந்தியைத் தாண்ட முன்னமே விஷயம் வெளியே வந்துவிட்டது. யன்னல் திறக்கிற பஸ் என்றால் காற்று அதை முந்தல் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கும். இதுவோ கண்ணாடிப் பெட்டி. கண்டக்டர் பூவாசனை ஸ்பிரே ஒன்றை எடுத்து அடித்தார். அதற்குப் பிறகு பஸ் முழுக்க மல்லிகைக் கருவாடு. முன் சீட்டுப் பொடியன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆருடாப்பா இது, இந்தக் காலத்திலயும் கருவாடு காவுறது?" என்றான். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வெளியே பார்த்தேன். பார்சல் என்னுடையதில்லை, சத்தியமாக. ஆனால் ஒரு காலத்தில் இப்படியான பார்சல் எப்போதும் என்னுடையதாகத்தான் இருக்கும்.

அந்த நாளில் எங்கள் குறிஞ்சிப்பிட்டியில் யாருக்காவது கொழும்புப் பக்கம் சாமான் அனுப்ப வேண்டுமென்றால் தபால் கந்தோர்ப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார்கள். பஸ்ஸில் கொடுத்து விடுவார்கள். கட்டாக் கருவாடு, சின்ன வெங்காயம், பேரப் பிள்ளைக்குத் தைத்த சட்டை, சில நேரம் காலைக் கட்டிய கோழி. ஊர்ப் பெயரும் ஆளின் அடையாளமும் சொன்னால் போதும். ஜாஎல, கந்தானை, மாபோல, வத்தளை என்று பஸ் நிற்கிற ஒவ்வொரு ஹோல்டிலும் ஒரு ஆள் நிற்கும். பஸ் முழுசாக நிற்பதுகூட இல்லை. மெதுவாகும்போது மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். அடுத்த வீட்டு மனுசி கந்தானைக்குத் தந்துவிட்ட நெத்தலியை ஒரு தரம் நான் ஜாஎலயில் வேறு யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். அவளும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, "நல்லா இருப்பாய் மவன்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். அது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுப் பார்சல் மாபோலக்குப் போவது. அங்கே என் ராத்தா இருந்தாள். ராத்தா என்றால் மூத்த சகோதரி, என்னை விட ஐந்து வயது மூப்பு. கட்டுநாயக்கவில் உடுப்புத் தைக்கிற ஃபெக்டரிக்கு வேலைக்குப் போனவள், மாபோலயைச் சேர்ந்த ஒருவரை விரும்பிவிட்டாள். நல்ல மனுசன், தொழுகையாளி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை எல்லாம் எங்கள் பக்கம்தான். பள்ளிவாசல்துறையில் இருந்த மாமியின் மகனுக்கு ராத்தாவைத் தருவதாக வாப்பா முன்னமே வாக்குக் கொடுத்திருந்தார். வாப்பாவுக்கு வாக்கு என்றால் வாக்கு. வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் முறை மாற்றித் தருவதாகச் சொன்னால்கூட, காய்ச்சலோடு எழும்பிப் போய் மாற்றுவார். அப்படிப்பட்ட மனுசன் மகளின் நிக்காஹ்வுக்கு வொலி நிற்கப் போகவில்லை. மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டிய தகப்பன் வீட்டில் இருக்க, கலியாண வழக்குப் பார்க்கிற காதியாரை வைத்துத்தான் காரியம் முடிந்தது. அன்றைக்கு வாப்பா சொன்னது ஒரே வசனம்.

"அந்த வாசல நான் மிதிக்க மாட்டன்."

அதோடு ராத்தாவின் பெயரும் மாபோல என்ற ஊரின் பெயரும் எங்கள் வீட்டில் சத்தமாகச் சொல்லக் கூடாதவை ஆகிவிட்டன. உம்மா சொல்ல வேண்டி வந்தால் "அந்தப் பக்கம்" என்பார். "அந்தப் பக்கத்தில புள்ளைக்குத் தடிமனாம், மூக்கு ஒழுகுதாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். வாப்பாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். சுவருக்குத்தான் எங்கள் குடும்ப விஷயம் முழுக்கத் தெரியும்.

அப்போதுதான் வாப்பாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று கண்டுபிடித்தார்கள். மாதம் ஒருமுறை கொழும்புக்கு கிளினிக். கற்பிட்டி டவுனில் ஹார்ட்வெயார் கடையொன்றில் ஆணியும் கீலும் நிறுத்துக்கொண்டிருந்த நான் அன்றைக்கு லீவு போட்டு அவரோடு போவேன். கூட்டிக்கொண்டு போவது நான் என்று பெயர்தானே தவிர, கந்தானை நெரிசலில் நான் வாந்தி எடுக்க, அவர்தான் என் முதுகைத் தடவிக்கொண்டு வருவார். கண்ணுக்குப் போகிறவர் வயிற்றுக்காரனைப் பார்த்துக்கொண்டு வந்தார் என்று வையுங்களேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாப்பா பிடிவாதம். இடது பக்க யன்னல் சீட்டுத்தான் வேண்டும். அந்தப் பக்கம் யாராவது இருந்தால், "தம்பி, எனக்குக் காத்து வேணும்" என்று எழுப்பிவிடுவார். மாபோல ஹோல்ட் அந்தப் பக்கத்தில்தான் வரும் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

கண்டக்டர் மாரவிலக்காரர், சிங்களமும் தமிழும் கலந்து கத்துவார். "மாபோல, மாபோல, பஹின்ட! இறங்குங்க!" என்றதும் நான் சீட்டுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். ராத்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். என்னிடம் பையை வாங்கிக்கொண்டு, உம்மாவுக்கென்று வட்டிலப்பம் வைத்த டப்பாவைக் கையில் திணிப்பாள். ஆனால் அவள் கண் என்னில் இருக்காது. நேரே வாப்பாவின் யன்னலுக்குக் கீழே போய், பிள்ளையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிக் காட்டுவாள். வாப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளமாட்டார். சிரிக்கவுமாட்டார். பஸ் நகரும் வரைக்கும் அவள் பக்கமே பார்த்தபடி இருப்பார். அரை நிமிசம் இருக்கும். சில நாள் முன்னால் ஒரு லொறி குறுக்கே நின்றால் ஒரு நிமிசம். லொறிக்காரன் வாழ்க என்று எனக்குத் தோன்றும்.

வட்டிலப்பம் வீட்டுக்கு வந்தால், எங்கேயிருந்து வந்தது என்று கேட்காமலே முக்கால்வாசியை வாப்பாதான் சாப்பிடுவார்.

இப்படி இரண்டு வருசம் போனது. அதற்குப் பிறகு ஹைவே வந்தது. கட்டுநாயக்கவில் ஏறினால் பேலியகொடையில் இறங்கும் புது ரோடு. ஊரெல்லாம் அதே கதைதான். ஒரு மாதம் கிளினிக் முடிந்து வரும்போது கண்டக்டர் சந்தோசமாகச் சொன்னார்: "அடுத்த மாசம் இருந்து நம்ம பஸ்ஸும் ஹைவேயில. கந்தான டிராஃபிக் எல்லாம் இல்ல மல்லி, இல்ல தம்பி, சல்லென்டு போற." எனக்கு வந்த மகிழ்ச்சியைக் கேட்காதீர்கள். இனி வாந்தி இல்லை. அந்த மாதம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஹைவேயைப் பற்றித்தான் கதைத்தேன். கந்தானை இல்லையென்றால் மாபோலயும் இல்லை என்பது இந்த மண்டையில் ஏறவே இல்லை. முதல் நாள் பின்னேரம் ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சானின் போனுக்கு எடுத்து, "நாளைக்கு வாறம், ராத்தாவ நிக்கச் சொல்லுங்க" என்று வேறு சொன்னேன். சொல்லுங்கள், இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?

பஸ் கட்டுநாயக்கவில் திரும்பி அந்த அகலமான ரோட்டில் ஏறிய பிறகுதான் எனக்கு மாபோல ஞாபகம் வந்தது. ராத்தாவிடம் போன் இல்லை. மச்சானின் போன் மச்சானோடு வேலைக்குப் போய்விடும். அப்படியே எடுத்தாலும் வாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன கதைப்பது? இரண்டு பக்கமும் சதுப்பு நிலம், தண்ணீர், கொக்கு. மனிதர் ஒருவரும் இல்லை. காலுக்குக் கீழே பை இருந்தது. அதைக் காலால் சீட்டுக்கு அடியில் இன்னும் தள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் வாப்பா அசைந்தார். "என்னடா, ஜாஎல இன்னம் வரல்லயா? சத்தத்தக் காணல்ல."

"இது ஹைவே வாப்பா. ஜாஎலக்குப் போகாது."

"அப்ப மாபோல?"

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம்! "மாபோல வராது வாப்பா" என்றேன்.

அவர் எழும்பிவிட்டார். ஓடுகிற பஸ்ஸில், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தடவித் தடவி மணியை அமத்தினார். விடாமல் அமத்தினார். ஹைவேயில் யாராவது மணி அடிப்பார்களா? பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் ஓடி வந்து, "ஐயோ ஹாஜியார், இங்க நிப்பாட்ட ஏலாது, ஃபைன் அடிப்பான், இருங்க" என்றார்.

"நிப்பாட்டுங்க. அவ அங்க நிக்கிறா. புள்ளயத் தூக்கிக்கொண்டு வெயில்ல நிக்கிறா!"

சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே நிற்பது யார் என்று கண்டக்டருக்குத் தெரியும். மாதா மாதம் மணி அடித்து பஸ்ஸைக் கொஞ்சம் கூடுதலாக நிற்க வைத்தவரே அவர்தானே. அவர் வாப்பாவின் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தார். "பேலியகொடையில இறக்கிறன் ஹாஜியார். அங்க இருந்து திரும்பிப் போற பஸ் நானே ஏத்தி விடுறன்" என்றார். அப்படியே செய்தார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

கிளினிக் கார்ட் என் சட்டைப் பையில் கிடந்தது. அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. திரும்பி வந்த பஸ் எங்களை ரோட்டின் மற்றப் பக்கத்தில் இறக்கியது. ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டில் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஹோல்டில் ஒருவரும் இல்லை. பக்கத்துப் பழக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"புள்ளயோட நிக்கிற அந்தத் தங்கச்சியா? இண்டைக்குக் கன நேரம் நிண்டா. வாற பஸ் எல்லாத்திட யன்னலையும் பாத்தா. புள்ள அழத் தொடங்கினதும் இப்பத்தான் போனா."

வாப்பா என் பக்கம் திரும்பினார். "வீடு தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும். உம்மாவும் நானும் களவாக இரண்டு தரம் போயிருக்கிறோம். அதைச் சொல்லலாமா என்று யோசிக்க முன்னம், "தெரியும் என்டு எனக்குத் தெரியும். நட" என்றார்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கைப் பாதை. வீட்டு வாசலில் ராத்தா பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையிலிருந்த வாளி சரிந்து தண்ணீர் எல்லாம் எங்கள் காலடிக்கு ஓடி வந்தது. எனக்குப் பயம், மனுசன் இந்த இடத்தில் வாக்கை நினைத்துத் திரும்பிவிடுவாரோ என்று. அந்தப் பாழாய்ப்போன வாக்கு அவர் முகத்தில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் வாப்பா. பிறகு, "செருப்பு ஈரமாப் போச்சு. கழட்டட்டா?" என்றார்.

ராத்தா அழுத அழுகையைப் பற்றி எழுத எனக்கு இப்போதும் தைரியம் இல்லை. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. உள்ளே கதிரையில் உட்கார வைத்தோம். பிள்ளையை மடியில் வாங்கி, தாடியை அது இழுக்க இழுக்க, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தார். "போன மாசத்த விட வளந்திட்டா" என்றார். அதைக் கேட்டு ராத்தா என்னைப் பார்த்தாள். ஒவ்வொரு மாதமும் தூக்கிக் காட்டியதெல்லாம் வாப்பா பார்த்து மனதில் வைத்திருக்கிறார் என்ற பெருமை அந்த முகத்தில் இருந்தது.

பின்னேரம் பழைய ரோட்டாலேயே ஊருக்கு பஸ் எடுத்தோம். நீர்கொழும்பு தாண்டியதும் வாப்பா என் பக்கம் சாய்ந்தார். பிறகு சொன்னார்:

"அந்தப் புள்ளயிட முகத்த இண்டைக்குத்தான்டா முதல் முதல் பாத்தன்."

எனக்கு விளங்கவில்லை. "மாசா மாசம் யன்னலால பாத்தீங்கதானே வாப்பா?"

"எங்க பாக்குற? தூரத்தில எல்லாம் புகைதான், அவ புள்ள பெற முன்னமே. நீ எழும்பிப் போவாய், அவன் மாபோல என்டு கத்துவான், அப்ப அவ அங்க நிக்கிறா என்டு தெரியும். அதுக்கு என்னத்துக்குக் கண்?"

"பின்ன ஏன் யன்னல் சீட்டு?"

"அவ என்னையப் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள நான் மூஞ்ச எங்க திருப்புற?"

"போன மாசத்த விட வளந்திட்டா என்டீங்களே!"

"புள்ள என்டா வளரத்தானே செய்யும்" என்று சிரித்தார். பிறகு என் தொடையில் தட்டி, "அவக்கிட்ட சொல்லிராத. நான் பாத்தன் என்டே இருக்கட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு கிளினிக் நாளில் பேலியகொடையில் இறங்கித் திரும்பிப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது. முதலில் மகள், பிறகு டொக்டர். வாப்பா போய் இப்போது ஏழு வருசம். எங்கள் பஸ் ஹைவேயில் பறக்கிறது, மிதிபலகையில் யாரும் தொங்குவதில்லை. போன மாதம் பழைய ரோட்டால் போனபோது பார்த்தேன், மாபோலயில் பழக்கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். ரோட்டோரத்தில் யாருக்காகவும் யாரும் நிற்கவில்லை. வருகிறவர் எங்கே வருகிறார் என்று போனில் புள்ளி ஓடிக் காட்டுகிறது, பிறகு ஏன் வெயிலில் நிற்பது?

அன்றைக்கு ராத்தா வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மகள் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மூத்தாப்பா, அதுதான் எங்கள் வாப்பா, எப்படி இருப்பார் என்று என்னவோ கேட்டாள். ராத்தா அகப்பையைக் கையில் பிடித்தபடி சொல்லத் தொடங்கினாள்.

"உன்ட மூத்தாப்பா என்னோட கதைக்காத காலத்திலயும், மாசம் தவறாம பஸ்ஸில வந்து உன்னையப் பாத்தவரு. உனக்குப் பல்லு முளைச்சது, மொட்டை அடிச்சது, எல்லாம் யன்னலால பாத்தாரு. ஒரு நாள் கூட முகத்தத் திருப்பல்ல. இவன்தான் பக்கத்தில இருந்தவன். கேட்டுப் பாரு. கண் வெட்டாமப் பாத்தார்தானே தம்பி?"

"ஓம் ராத்தா," என்றேன், "கண் வெட்டாமப் பாத்தார்."