ருசி பார்த்துவிட்ட படையல்

இது நடந்தது மலேசியாவில், ஜொகூர் பக்கத்துக் கூலாயில், மூன்று தீபாவளிகளுக்கு முன்னால். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நானும் என் நண்பனும் ஒன்றாகத்தான் அங்கே சேர்ந்தோம். ஒரே ஷிப்ட், போகவர ஒரே மோட்டார் சைக்கிள். அந்த வருடத் தொடக்கத்தில் அவனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்தானே, இரண்டு நாளில் எழுந்துவிடுவான் என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை.

சாவு வீட்டில் எனக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. மாமன், சித்தப்பா, பங்காளி என்று முறை உள்ளவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான் கூடாரத்துக்கு வெளியே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்தவன் நான். ஆனால் நம் சடங்கில் நண்பனுக்கு என்று ஓர் இடம் கிடையாதே.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் அம்மா போன் செய்து என்னைக் கூப்பிட்டார். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டேன். என்னைத் தனியாகப் பார்த்தால் அவருக்கு மகன் ஞாபகம் வரும், அழுவார், அதை என்னால் தாங்க முடியாது என்று பயம். பிறகும் சில தடவை கூப்பிட்டார். அப்புறம் நிறுத்திவிட்டார். அவர்கள் வீடு எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு தெரு தள்ளித்தான். அந்தத் தெருவைத் தவிர்க்க நான் ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். தள்ளிப்போடப் போட, போவது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. அந்த வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் கவலை.

வேலை இடத்தில் என் நிலைமையைப் பார்த்து ஓர் ஆலோசனைக் குழுவுக்கு அனுப்பினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசினார்கள். இறந்தது யார், அண்ணனா தம்பியா என்று கேட்டார்கள். நண்பன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார்கள். எங்களுக்குள் இருந்ததை அந்த மொழிகளில் எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்தோடு நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் கோயில் மண்டபத்தில் நம் தமிழ் இளையோருக்காக ஒரு குழு நடப்பது தெரிந்தது. வீட்டில் யாரையாவது இழந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுவார்கள். நடத்தியவர் முப்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அக்கா, மனநல ஆலோசகர். என் அம்மாவுக்குக் கேட்டதும் கோபம். "பைத்தியத்துக்குப் பாக்குற எடத்துக்கு நீ ஏன் போற? சனங்க என்ன பேசும்?" என்று ஒரே சத்தம். அந்த அக்கா கெட்டிக்காரர். நேராக என் அம்மாவுக்கே போன் போட்டார். எந்த எஸ்டேட்டு என்று பேச்சை ஆரம்பித்து, லாபிஸ் பக்கம் இரண்டு பேருக்கும் தெரிந்த குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்து, அரை மணி நேரம் கதை அடித்தார். அடுத்த ஞாயிறு நான் சோம்பலாகப் படுத்திருந்தபோது, "எழுந்து போடா, அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்கும்" என்று என்னை விரட்டியதே என் அம்மாதான்.

போனேனே தவிர வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்பேன், தேநீர் குடிப்பேன், வந்துவிடுவேன். இப்படியே தீபாவளி நெருங்கிவிட்டது.

தீபாவளிக்கு முன்னால் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துக் கும்பிடுவோம். ஆனால் எங்கள் குழுவில் சிலருக்கு அதற்கு வழியில்லை. குழுவுக்கு வரும் ஒரு தங்கையின் அப்பா இவர்களை விட்டுவிட்டு வேறு குடும்பத்தோடு போய் அங்கேயே இறந்தவர். அவர் படத்தைக்கூட வீட்டில் மாட்டக்கூடாது என்று அவள் பாட்டன் கண்டிப்பு. என் அம்மாவும், "நம்ம வீட்டு ஆளு இல்லாதவங்களுக்கு நாம படைக்கக்கூடாதுடா" என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா, எல்லாருமாகச் சேர்ந்து படைக்கலாம் என்றார். கோயில் மண்டபத்தில் கவிச்சி ஆகாது. எனவே அவர் வீட்டுக் கார் போர்ச்சில் ஏற்பாடு.

சாயங்காலம் போனால் பெரிய விருந்து போல இருந்தது. பொரித்த கோழி, கருவாட்டுக் குழம்பு, ஒரு டின் ஸ்டவுட் பீர், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ் என்கிற குளிர்ந்த பால் தேநீர். அந்தத் தங்கை அப்பாவுக்கு டுரியான் பழம் கொண்டுவந்திருந்தாள். போர்ச் முழுக்க வாசனை. நான் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கிப் போயிருந்தேன்.

இலை போட்டு, விளக்கு ஏற்றி, ஒவ்வொருவராக வைத்தோம். என் முறை வந்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்த கையோடு இரண்டு இழையை எடுத்து வாயில் போட்டு, "காரம் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். படையலுக்கு வைப்பதை யாராவது வாயில் வைப்பார்களா? சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்க மாட்டோம். "ஐயோ அலமாக், எச்சில் பண்ணிட்டியேடா!" என்றான் பக்கத்தில் இருந்தவன். அக்கா சூடத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, நான் ஓடிப்போய் வேற வாங்கிட்டு வந்திடுறேன்" என்று சாவியை எடுத்தேன். அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொல்வதானால்.

டுரியான் கொண்டுவந்த தங்கைதான் கேட்டாள். "அண்ணே, ஏன் ருசி பாத்தீங்க?"

அப்போதுதான் சொன்னேன். என் நண்பனுக்குக் காரமே ஆகாது. தமிழனாகப் பிறந்துவிட்டு மிளகாயைக் கண்டால் ஓடுகிறவன். எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டை என் பக்கம் தள்ளி, "மச்சான், பாத்துச் சொல்லு" என்பான். நான் ருசி பார்த்துச் சொன்னால்தான் கை வைப்பான். தொடக்கப்பள்ளி கேண்டீனிலிருந்து அப்படித்தான். ஒரு தடவை வேண்டுமென்றே காரம் இல்லை என்று பொய் சொல்லி, அவன் குழாயடிக்கு ஓடியதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அவன் போனபிறகு அவனைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை; அவன் அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்து ஊரைச் சுற்றிப் போவதைக்கூடச் சொல்லிவிட்டேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

நான் முடித்ததும் அந்தத் தங்கை சொன்னாள். "அப்ப இதையே வைங்க லா, அண்ணே. நீங்க ருசி பாக்காதத வச்சா அவரு எப்படித் தைரியமா சாப்பிடுவாரு?"

அக்கா சூடத் தட்டைக் கீழே வைத்தார். "எங்கம்மா பாத்தா என்னை உரிச்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டு, என் பொட்டலத்தை அவரே வாங்கி இலையின் நடுவில் வைத்தார். சூடம் கொளுத்தினோம். பிறகு எல்லாருமாக உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். அந்த வருடத்தில் நான் வயிறாரச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

கிளம்பும்போது அக்கா, முன்பே எடுத்து வைத்திருந்த கொஞ்சம் படையல் சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்தார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை நேராக அந்தத் தெருவுக்கு விட்டேன்.

அவன் அம்மா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். நான் யோசித்து வைத்திருந்த சாக்குப்போக்கு எல்லாம் மறந்துபோய், "ஆண்ட்டி, அவனுக்குப் படையல் போட்டோம். நான் எச்சில் பண்ணிட்டேன்" என்று உளறினேன். நடந்ததைக் கேட்டதும் அவர் சிரித்தார் பாருங்கள், தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதார். அழுதால் தாங்க மாட்டேன் என்று பயந்தேனே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா தாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"நான் அழுவேன்னு இந்த வீட்டுல அவன் பேரையே எடுக்க மாட்டேங்கிறாங்கடா" என்றார். "நீயாவது வந்து பேசுவேன்னுதான் போன் மேல போன் போட்டேன்."

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவனைத் திட்டுவோம், சிரிப்போம், சில நாள் வெறுமனே டிவி பார்ப்போம். துக்கத்தில் இருப்பவரிடம் போக ஆறுதல் வார்த்தை எதுவும் தயார் செய்ய வேண்டியதில்லை, போனவரின் பெயரைத் தயங்காமல் சொல்லும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தாலே போதும் என்று அந்தத் தாயிடம்தான் தெரிந்துகொண்டேன்.