தண்ணீர்க் குழாயில் ஓடிய மின்சாரம்

தங்க வயலுக்கு மின்சாரம் வந்த மறுவருடம், ஐப்பசி மழையில் நடந்தது இது. அப்போது நான் சுரங்கத்தில் பைப் ஃபிட்டர். தண்ணீருக்கும் நீராவிக்கும் குழாய் போடுவது என் வேலை. நான் பூட்டிய இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

புதிய கரண்டு வேலைக்கு ஆள் போதாமல் என்னையும் ஒயர்மேனுக்குத் துணையாகப் போட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டை ஒட்டி உடை மாற்றும் கொட்டகை ஒன்று உண்டு. ஷிப்ட் முடிந்து ஏறுகிறவர்கள் அங்கேதான் ஈரத்துணியைக் களைவார்கள். சுவரோரம் ஓடும் நீராவிக் குழாய்மேல் அதைப் போட்டுவிட்டுப் போனால் மறுநாளைக்குக் காய்ந்திருக்கும். அந்தக் கொட்டகைக்கு விளக்குப் போடவேண்டும். ஒயரை வெறுமனே விடாமல் மெல்லிய இரும்புக் குழாய்க்குள் இழுத்துப் பதிப்பது முறை. அந்தக் குழாய் சீமையிலிருந்து வருவது. பாதிச் சுவரிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த கட்டு பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு இன்னும் வரவில்லை. ஒயர்மேன் வேறு வேலையாகப் பக்கத்துப் பாலகாட் சுரங்கத்துக்குப் போய்விட்டார். தான் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் கேட்டால்தானே! தகரம் மாதிரி இருந்த அந்தச் சீமைக் குழாயைப் பார்த்தாலே எனக்கு இளக்காரம். என்னிடம் கனமான தண்ணீர்க் குழாய் கிடந்தது. அளந்து வெட்டினேன். மரை போட்டு, கசியாமலிருக்கச் சணல் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி முறுக்கினேன். ஒயர் வளைவில் சிக்கியபோது பலம் கொண்ட மட்டும் இழுத்தேன், வந்துவிட்டது. வித்தியாசம் தெரியாமலிருக்க எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மறுநாள் காலை எஞ்சின் கொட்டகைக்குப் போய்க் கரண்டு விடச் சொன்னேன். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறையில் மிச்சத் துண்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குழாய்க்குள் விரலை விட்டுத் தூக்கியபோது சுருக்கென்றது. பார்த்தால் ரத்தம். வெட்டிய இடத்தில் உள்விளிம்பு பிசிறு தட்டிக் கத்தி மாதிரி நின்றது. தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதனால் நான் ஒருநாளும் உள்ளே அரம் போட்டதில்லை. ஒயரை இழுத்தபோது தரையில் உதிர்ந்த ரப்பர்த் துணுக்குகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ரப்பர் உரிந்த ஒயர் இரும்பைத் தொட்டால் குழாய் முழுக்கக் கரண்டுதான். அதே நேரம் ஷிப்ட் முடியும் சங்கும் ஊதியது.

கரண்டை நிறுத்த எஞ்சின் கொட்டகைக்கு ஓடவேண்டும். அது எதிர்ப்பக்கம், தூரம். அதற்குள் ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்துவிடும். என் குழாய் நீராவிக் குழாய்க்கு ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. வருகிறவர்கள் அதன்மேலும் துணி போடாமல் விடுவார்களா? ஈரத்துணி, ஈர உடம்பு, வெறுங்கால். உடை மாற்றும் கொட்டகையைப் பார்த்தே ஓடினேன். சேற்றில் இரண்டு முறை விழுந்தேன்.

நான் நுழைந்தபோது பத்துப் பேர் வந்துவிட்டிருந்தார்கள். முன்னால் நின்றவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். சொட்டச் சொட்டச் சட்டையைக் கையில் வைத்திருந்தார்.

"மச்சான், அந்தக் கருப்பு பைப்பு மேல போடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

"இன்னா மாப்ள, பெயின்ட்டு போயிடும்னு ஓடியாந்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏன் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். தப்பான பைப்பு போட்டுட்டேன். மூன்றே வார்த்தை. அத்தனை பேர் முன்னால் அது வாயில் வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. ஒரு மூச்சு நேரம்தான் தயங்கினேன். அதற்குள் அவர் என்னைச் சீண்டுவதற்காகவே சட்டையை அந்தக் குழாய்மேல் வீசி, இழுத்துவிடக் கையை வைத்தார்.

கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. சிரித்த முகம் அப்படியே இறுகி உடம்பு வெடவெடவென்று ஆடியது. பிடிக்கப் பாய்ந்த ஒருவரைத் தள்ளிவிட்டேன். கரண்டு பிடித்தவரைக் காய்ந்த மரத்தால்தான் தள்ளவேண்டும் என்று ஒயர்மேன் வேலையின் முதல் நாளே சொன்னது மட்டும் நினைவிலிருந்தது. வாசலோரம் கிடந்த மரப்பெஞ்சைத் தூக்கி அவர் தோளில் ஓங்கி இடித்தேன். கை விடுபட்டு அவர் தரையில் விழுந்தார். மூச்சு இல்லை என்றே நினைத்தேன். மார்பைத் தேய்த்து, "மச்சான், மச்சான்" என்று அலறினேன். வீட்டில் அவர் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வேன்? நெடுநேரம் கழித்து இருமினார். உள்ளங்கை வெந்திருந்தது.

ஓடிவந்த ஃபோர்மேன், குழாய் போட்டது யார் என்று கத்தினார். மச்சான் படுத்தபடியே, "அவன் மேல தப்பில்லீங்க, சொல்லச் சொல்ல நான்தான் தொட்டுட்டேன்" என்றார். அதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை. அந்த மூன்று வார்த்தையைச் சொன்னேன்.

ஒயர்மேன் வந்து பிரித்துப் பார்த்தபோது நான்கு இடத்தில் ஒயரின் ரப்பர் சீவிப்போயிருந்தது. சீமைக் குழாயில் இரும்பும் இரும்பும் கடித்து நிற்பதால் கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். நான் பெருமையாகச் சுற்றிய சணல் அதைப் போகவிடாமல் நிறுத்திவிட்டது. என்னைப் பழையபடி தண்ணீர் வேலைக்கே அனுப்பினார்கள்.

மச்சானின் வலது கையில் இரண்டு விரல் பிறகு மடங்கவே இல்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சோற்றைப் பிசையத் தடுமாறும்போது நான் பாதியிலேயே இலையை மடித்துவிடுவேன். தெரியாமல் குழாய் போட்டதற்குக்கூட என்னை மன்னித்துக்கொண்டேன்; தெரிந்தபிறகு வாய் திறக்காமல் நின்ற அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.