கேட் பச்சை பூசிய லாரி

எங்கள் வீட்டில் மருந்து ஊற்ற ஒரு ஸ்பூன் தேடினால் கிடைக்காது. வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் எத்தனை வாங்கிப் போட்டாலும் அத்தனையும் சமையலறை ஜன்னலில் வரிசையாக நிற்கும், முதுகில் பச்சைப் பெயின்ட் பூசிக்கொண்டு. காம்பில் நம்பர் வேறு.

என் வீட்டுக்காரருடைய அக்காவின் வேலை அது. நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். கார் பெயின்ட் பட்டறையில் அவருக்குக் கலர்க்காரி என்று பெயர். இடிபட்ட கார் வந்தால், பழைய பெயின்டுக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியாதபடி கலர் கலக்கிக் கொடுப்பார். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. அவர் வேலை நன்றாக இருந்தால் அங்கே யாரோ வேலை செய்தார்கள் என்பதே தெரியாது. அந்தக் கொடுமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பட்டறை விட்டு வந்தால் பொம்மை ராணுவ வண்டிகள். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும், மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு லாரிக்கு டயரில் சேறு, கதவில் கீறல் எல்லாம் வைப்பார். ஆனால் உயிரை விடுவது கலருக்குத்தான். கடையில் விற்கும் குட்டிக் குப்பியில் ‘ராணுவப் பச்சை’ என்று எழுதியிருந்தால் போச்சு. “எந்த வருஷத்துப் பச்சை? எந்த வண்டியோட பச்சை?” என்று கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவார்.

ஊரில் உள்ள ராணுவ அருங்காட்சியகம், பழைய படைப்பிரிவின் வண்டிகளைச் சின்ன உருவில் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாக அறிவித்தது. செய்தவர் பெயர் கீழே அட்டையில் இருக்கும் என்றும் போட்டிருந்தார்கள். அண்ணி அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தார். “என் பேரும்மா, கண்ணாடிக்குள்ள!” என்றார். வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

ஆளுக்கு ஒரு வண்டி என்று பிரித்ததில் அவருக்குக் கிடைத்தது சரக்கு லாரி. நிஜ லாரி ஒன்று அருங்காட்சியக வாசலிலேயே நின்றது. ஆனால் அதன்மேல் வேறு பெயின்ட் ஏறியிருக்கிறது என்பது அண்ணிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. சரிதான் போ என்று பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அதே வகை லாரியின் ஸ்பானர் பெட்டி மூடி ஒன்றைப் பிடித்துவிட்டார். வெளியே முழுக்கத் துரு. உள்ளே வெயிலே படாத பழைய பெயின்ட்.

மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி ஜன்னலில் சாய்த்து வைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கலந்து பூசிப் பார்த்தார். காய்ந்தால் கலர் மாறும், அதனால் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு நாள். டியூப் லைட் ஏமாற்றிவிடும், அதனால் காலை வெளிச்சத்தில் மட்டும்தான் பார்ப்பார். முப்பத்தொன்றாவது ஸ்பூனை மூடிமேல் வைத்தபோது ஸ்பூன் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில் லாரியை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, பெரிய மீசைக்காரர். லாரியைக் கையில்கூட வாங்கவில்லை.

“கலர் தப்பும்மா. ஒரிஜினல் வாசல்லயே நிக்குது, பாக்கலையா? மத்தவங்க எல்லாரும் அதப் பாத்துதான் அடிச்சிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொண்டாங்க. இல்லேன்னா உங்களுக்கு இடம் கிடையாது.”

“அது லாரி கலர் இல்ல சார்,” என்றார் அண்ணி. “உங்க கேட்டு கலர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வெளியே வந்து பார்த்தால் கேட், குப்பைத்தொட்டி, லாரி மூன்றும் அச்சு அசலாக ஒரே பச்சை. கேட்டுக்கு அடித்து மிச்சமாகும் டின்னை வருஷா வருஷம் லாரிக்கும் அடித்துவிடுவார்கள் என்று காவலாளியே சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பின்னாலேயே வந்த மீசைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “முப்பது வருஷம் ராணுவத்துல இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?”

“நீங்க வண்டில உக்காந்து போனவரு. நான் வண்டியச் சுரண்டுறவ.”

சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து வாட்டர் பேப்பரை எடுத்தார். தேய்க்கிற தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற பெண் உலகத்தில் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். லாரிப் படிக்குக் கீழே குந்தி, பாட்டில் தண்ணீரை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

“அம்மா, தொடக்கூடாதுன்னு போர்டு இருக்கு!” என்று காவலாளி ஓடிவந்தார்.

“லெட்டர் போட்டேன், பதில் வரல. தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க.”

சட்டைப் பொத்தான் அளவுக்குத் தகரம் தெரிந்தது. அதைச் சுற்றிப் பெயின்ட் வளையம் வளையமாக விரிந்தது. முதலில் அடிப்பூச்சான பிரைமரின் செங்காவி. அதை ஒட்டி மங்கலான, தவிட்டு நிறம் கலந்த ஒரு பச்சை. அதற்கு வெளியே இருந்த எட்டு வளையமும் கேட் பச்சை.

மீசைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். மனிதர் நியாயமானவர்தான், பொய் சொல்வானேன். “நீங்க சொன்னதுதான் சரிம்மா. உங்க லாரிய நடுவுல வைக்கிறேன்,” என்றார்.

எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணியோ குட்டி லாரியை அந்த மங்கல் வளையத்தின் பக்கத்தில் பிடித்தார். திரும்பத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

“இல்ல சார். என்னோடதும் தப்பு.”

“என்னம்மா சொல்றீங்க?”

“என்னோடதுல மஞ்சள் ஏறியிருக்கு. அந்தப் பெட்டில கிரீஸ் பூசின ஸ்பானர் கிடந்திருக்கும். எண்ணெய் உள்ள இறங்கிடுச்சு. அது சோப்புல போற எண்ணெயா? அந்த அழுக்கையும் சேத்துக் கலந்துட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “அண்ணி, கைக்குள்ள அடங்குற வண்டி. யாருக்குத் தெரியப்போகுது? பேசாம குடுங்க,” என்று அவர் காதைக் கடித்தேன்.

“யாருக்கும் தெரியாத வேலையத்தான் பத்தொன்பது வருஷமா பாக்குறேன். பேர் போட்டு வைக்கிற ஒண்ணாவது சரியா இருக்கட்டும்மா.”

“நாளைக்கு உங்க இடம் காலியா கெடக்குமே?” என்றார் மீசைக்காரர்.

“கெடக்கட்டும் சார். பேர் அட்டைய மட்டும் எடுத்துடாதீங்க.”

மறுநாள் திறப்பு விழாவுக்குப் போனோம். கண்ணாடிக்குள்ளே பளபளவென்று பதினோரு வண்டி. நடுவில் ஒரு காலி இடம், அதன் கீழே அண்ணியின் பெயர். வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் வாய்விட்டே கேட்டார்: “இங்க ஒண்ணுமே இல்லையே?”

மீசைக்காரர் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முன்னால் போய் நின்றார்.

“அது என் இடம். கலர் சரியானதும் வண்டி வரும். அதுவரைக்கும் இந்தப் பெட்டில தப்பில்லாத இடம் அது ஒண்ணுதான், நல்லாப் பாத்துக்குங்க.”