பழைய ஃபோல்டருக்குப் பத்து நாள்

தேனிப் பக்கம் தேவாரம் பஜாரில் பெனடிக்ட்டின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அவன் போடுகிற சண்டையெல்லாம் என் காதுக்கும் சேர்த்துத்தான். சி.பி.யு.வைத் திறந்து தூசி தட்டும்போதே கொண்டுவந்தவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவான். ஒருமுறை, "நீ படிச்சதே இம்புட்டுத்தானா?" என்று கேட்ட ஆசாமியின் மானிட்டரை நடுரோட்டில் போட்டு உடைத்தான். அப்படி ஒரு முன்கோபி. ஆனால் வேலையில் சுத்தம், அதை நான் மறைக்க மாட்டேன்.

அவன் சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. அப்பா லூர்துநாதன் குடித்துவிட்டு வந்து பெல்ட்டை உருவும்போதெல்லாம் தம்பி ஜோவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தன் முதுகைக் கொடுத்தவன். அப்பா செத்த பிறகு தம்பியைப் படிக்க வைத்தான். படிப்பு ஏறவில்லை, ஜீப் வாங்கிக் கொடுத்தான். ஜோ விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவான்.

பழைய விண்டோஸை மாற்றிப் புதிது போடும்போது பெனடிக்ட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய ஃபைல்களை அன்றைக்கே அழிக்க மாட்டான். புதிது ஏறும்போது பழையதெல்லாம் ஒரு ஃபோல்டருக்குள் ஒதுங்கிக்கொள்ளுமாம். பத்து நாளில் கம்ப்யூட்டரே அதைத் துடைத்துவிடுமாம்.

"எல்லாம் டி டிரைவ்ல இருக்குன்னு சத்தியம் பண்ணுவாக. மறுவாரமே பிள்ளை போட்டோவக் காணோம்னு அழுதுக்கிட்டு வருவாக. கெடந்துட்டுப் போகுது, பத்து நாளு" என்பான். ஊருக்கே தெரிந்த கெடு அது.

போன மாசம் வாழைக்காய் மண்டி முன்னால் அந்தக் கொடுமை நடந்தது. லோடு வண்டி ரோட்டை மறித்து நின்றது. ஜோ ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த கூலிக்காரர் ஒச்சாண்டி, "பொறுப்பா, எறக்கிட்டு எடுக்குறோம்" என்றிருக்கிறார். வார்த்தை தடித்தது. ஜோ ஜாக்கி லீவரை எடுத்து அவர் மண்டையிலேயே போட்டான். தாடையும் உடைந்து, நினைவில்லாமல் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தார் மனிதர்.

தார் வெட்டுகிற அரிவாள் அங்கேயே கிடந்தது ஜோவுக்கு வசதியாகப் போயிற்று. "அவருதான் வெட்ட வந்தாரு, நான் தடுத்தேன்" என்று முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டான். ஜீப்பில் இருந்த பெண்கள் வாய் திறக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போக அவர்களுக்கு அந்த ஜீப்தானே? அடிபட்டவர் மேலேயே கொலை முயற்சிக் கேஸ் விழுந்தது. கட்டிலருகே போலீஸ் காவல்.

மண்டியில் ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா இருந்தது. பதிவெல்லாம் அங்கே இருந்த கம்ப்யூட்டரில் சேரும். கோர்ட்டு கேஸென்று அலைய வேண்டாமென்று மண்டிக்காரர் வேல்பாண்டி போலீஸிடம் கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, அடிதடி நடந்த அன்று சாயங்காலமே சி.பி.யு.வை பெனடிக்ட்டிடம் தூக்கி வந்தார்.

"புது விண்டோஸ் போட்டுருப்பா. பில்லு எல்லாம் டி-ல இருக்கு, மத்தது ஒண்ணும் வேணாம். பத்து நாள் கழிச்சே வந்து வாங்கிக்கிறேன். ஒன் தம்பிக்கும் நல்லது."

பெனடிக்ட் வாங்கி வைத்து, அன்றிரவே புது விண்டோஸ் போட்டான். திட்டாமல் அவன் வாங்கிய ஒரே கம்ப்யூட்டர் அதுதான்.

இரண்டொரு நாளில் ஒச்சாண்டியின் மனைவி ராக்கம்மாள் கடை கடையாக ஏறி இறங்கினார். "யாராச்சும் பாத்தீகளா? ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா" என்று கேட்டுக்கொண்டு பெனடிக்ட் கடைக்கும் வந்தார்.

"தம்பி, மண்டிக் கம்ப்யூட்டரு இங்கனதான் இருக்காமே. அதுல ஏதும் இருக்காய்யா?"

"எல்லாம் போச்சுக்கா" என்றான் அவன், தலை நிமிராமல். இதை மட்டும் அன்றைக்கே அழித்துவிட்டான் போல என்று நானும் நம்பினேன்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் மதியம் தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் கத்துவது கேட்டது.

"நீயாப் போயி உண்மையச் சொல்லிரு ஜோ. அவரு கையில அருவா இல்லடா. கீழ விழுந்து ஒன்னயக் கும்புடுறாரு. அதுக்கப்புறமும் அடிக்கிற. நான் பாத்துட்டேன்."

"பாத்தா என்ன? நாளைக்கு அதுவா அழிஞ்சிரும்ல? நீ ஒண்ணும் செய்ய வேணாம்ணே. சும்மா இரு, போதும்."

"இத்தன நாளும் சும்மாதான்டா இருந்தேன். இனி முடியாது."

கீபோர்டு பறந்து வந்து தடுப்பில் மோதியது. நான் துணி வெட்டும் கத்தரியோடு ஓடினேன். ஜோ சி.பி.யு.வைப் பிடுங்கி உடைக்கப் பார்க்க, அண்ணன் அதன்மேல் கவிழ்ந்து கிடந்தான். ஜோ அவன் முதுகில் ஏறி மிதித்தான். எவனுக்காகப் பெல்ட் அடி வாங்கினானோ அவனே மிதிக்கிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அப்புறம் மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அண்ணனின் வலது கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது.

"ஏலே, இன்னொரு அடி விழுந்துச்சு, குடலை உருவிருவேன்!" என்று கத்தினேன்.

ஜோ என்னைப் பார்த்தான், கத்தரியைப் பார்த்தான். கம்பியைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். ஓடாமல் இருந்தால் குத்தியிருப்பேன்.

பெனடிக்ட் தொங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மவுஸைப் பிடித்தான். வாயில் ரத்தம் வழிய, பழைய ஃபோல்டரைத் திறந்து அந்தப் பதிவைப் பென் டிரைவிலும் என் போனிலும் ஏற்றினான். கட்டுப் போடப் போவோம் என்றால் கேட்கவில்லை. "மொதல்ல அந்த அக்காட்டப் போகணும்" என்றான். ஆட்டோ பிடித்துத் தேனிக்குப் போனோம்.

ராக்கம்மாள் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். போனை அவர் கையில் கொடுத்தேன். புருஷன் கும்பிடுகிற இடம் வந்தபோது ஒரு விரலால் திரையைத் தொட்டார். அழவில்லை. முழுவதும் பார்த்து முடித்தார்.

"அன்னைக்கு ஒன் கடைக்கு வந்து கேட்டேனே. அப்ப இது இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"நீ பாத்திருந்தியா?"

"பாத்திருந்தேன்."

எழுந்து அறைந்தார். கன்னம், காது, நெஞ்சு என்று கண்ட இடத்திலெல்லாம் அடி விழுந்தது. முறிந்த கையிலும் விழுந்தது. நான் குறுக்கே போனேன். "அவுக அடிக்கட்டும், விடுங்கக்கா" என்று பெனடிக்ட்தான் என்னை நிறுத்தினான். அந்த அம்மா செய்தது தப்பென்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

கை ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"இத யார்ட்டக் குடுக்கணும்? வா. அடிச்சது ஒன் தம்பிதான்னு நீயே வந்து ஒன் வாயால சொல்லு."

பெனடிக்ட் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தான்.