அப்பா நம்பரில் ஒரு ரிங்

எங்கள் தெருவில் யாருக்காவது காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று பேச்சு வந்தால், அதை மறுத்துப் பேச முதல் ஆளாக நிற்பவன் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான் ஒருவன்தான், அதனால் அது என் கடமை என்றுகூட நினைத்திருந்தேன். கல்லூரியில் இதைப் பற்றி மேடையேறிப் பேசிப் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இதை எழுதுகிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பமாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். கடைகளின் கணக்கைப் பழைய மென்பொருளில் இருந்து எங்கள் மென்பொருளுக்கு மாற்றித் தருகிற வேலை. அப்பா இறந்தபிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அக்காவுக்குப் பிரசவம் என்று அம்மா திருப்பூர் போனபிறகு நான் மட்டும். தனியாக இருப்பது பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஒருநாள் பால்காரர் "மிச்சம் சில்லறை இல்ல தம்பி" என்றபோதுதான், முந்தின நாள் காலையில் இருந்து நேருக்கு நேர் ஒரு மனிதரிடமும் பேசவில்லை என்பது உறைத்தது. நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருப்பேன், எல்லாம் ஹெட்செட்டில். அதைக் கழற்றியதும் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். சோறு ஒரு ஆளுக்கு வடிப்பது எப்படி என்று கடைசிவரை பிடிபடவே இல்லை, தினமும் மீந்தது.

அந்த சமயம் பார்த்து எங்கள் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் போடத் தோண்டினார்கள். ஜேசிபி ஒரு வாய் மண் எடுத்தால் தரைக்கடியில் போகிற இன்டர்நெட் ஃபைபர் கேபிள் அறுந்துவிடும். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நான் காணாமல் போக, எங்கள் டீம் லீடர் தீபக் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பாஸ், வெள்ளிக்கிழமை விஜயவாடா மருந்துக்கடை மைக்ரேஷன் இருக்கு. அவங்க ஓனரே லைன்ல உட்காருவார். அன்னைக்கும் நெட் போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. நீங்க சென்னைக்கே வந்துருங்க, இல்லைன்னா…" என்று நிறுத்திக்கொண்டார்.

சென்னைக்குப் போனால் இந்த வீட்டைப் பூட்ட வேண்டும். அம்மா அங்கே வரமாட்டாள், மகள் வீட்டில் காலம் முழுக்க இருக்கவும் மாட்டாள். போகாவிட்டால் வேலை இல்லை. அதனால் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற செல்போன் கடைக்குப் போய், சிம் போடுகிற மோடம் ஒன்று வாங்கினேன். ஃபைபர் அறுந்தால் ரவுட்டர் தானாகவே இந்த மோடத்துக்கு மாறிக்கொள்ளும், பேசுகிறவருக்குத் தெரியாது. புது சிம்முக்கு ஆதார் கொடுத்தேன், கடைக்கார அண்ணாச்சி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சர்வர் வேல செய்யல வே. சிம்மு திங்கக்கெழம தான் ஆக்டிவேட் ஆவும்."

"அண்ணாச்சி, எனக்கு வெள்ளிக்கிழமைக்கு வேணும்."

"அப்பம் வீட்ல சும்மா கெடக்குத சிம்மு ஏதாவது இருந்தா போடும். மோடத்துக்கு யாரு சிம்முன்னு தெரியவா போவுது?"

சும்மா கிடக்கிற சிம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவுடையது. அவர் போனபிறகும் அந்த நம்பரை நாங்கள் விடவில்லை, கேஸ் புக்கிங், பேங்க், ரேஷன் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று வெளியே சொல்வோம். உண்மையில் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய், அவர் எடுத்து "ஹலோ" என்பதை அம்மாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாதாமாதம் ரீசார்ஜ் செய்வேன். அந்த சிம் போட்ட அவருடைய பட்டன் போன் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும்.

அப்பாவின் போன் பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது, எழுத்தும் தெரியாது, அதனால் வெளியில் இருந்து பேசவே மாட்டார், மெசேஜும் கிடையாது. மிஸ்டு கால்தான் அவர் பாஷை. ஒரு ரிங் விட்டு வைத்தால், தெருமுனை திரும்பிவிட்டேன், கதவைத் திற. கதவைத் தட்டினால் ஒட்டியிருக்கிற வீடுகளில் குழந்தைகள் விழித்துவிடும் என்று அப்படி. இரண்டு ரிங் என்றால் வர நேரமாகும், நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். இந்த இரண்டை வைத்தே எங்கள் வீடு வருஷக்கணக்கில் ஓடியது. அவர் தறிக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்று மட்டும் எந்த ரிங்கும் வரவில்லை. ஆள் வந்து சொல்லும்வரை அம்மா சாப்பிடாமல் சோற்றுச் சட்டியை மூடிவைத்துக் காத்திருந்தாள்.

சிம்மை எடுக்கலாமா என்று திருப்பூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டேன். பின்னால் அக்கா குழந்தை அழுதது.

"வேலைக்குத் தானய்யா? எடுத்துக்க. உங்கப்பா வேண்டாம்னா சொல்லப் போறாரு."

"வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் திரும்பப் போட்டுருவேம்மா."

"சரி மக்கா. அந்தப் போனை மட்டும் அணைச்சிராத. சிம்மு இல்லன்னாலும் லைட்டு எரியும்லா?"

எரியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் மாட்டினேன். சிம் சரியாக உட்கார்ந்தது, ஆனால் சிக்னல் விளக்கு சிவப்பிலேயே நின்றது. எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு மோடத்தோடு வீடு முழுக்க நடந்தேன். ஹாலில் சிவப்பு, அடுப்படியில் சிவப்பு. கடைசியில் பின்பக்கச் சுவரில் ஜன்னல் ஓரமாக வைத்ததும் பச்சை. அந்த இடத்தில் சுண்ணாம்பு ஓர் உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருக்கும். வீட்டில் இருக்கும்போது போன் வந்தால் அப்பா அங்கேதான் போய், ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுவார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, டவர் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, சிக்னல் கிடைக்கிற இடமும் அதேதான். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஃபைபர் வயரைப் பிடுங்கிச் சோதித்தேன், மோடத்துக்கு மாறியது, திரும்பச் செருகினேன். நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் மைக்ரேஷன் ஆரம்பித்தது. ஐப்பசி மழை, விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஒரு கட்டத்தில் விஜயவாடா ஓனர், தீபக், அவர்கள் ஆட்கள், நான் என்று திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். கணக்கு பாதிக்கு மேல் ஏறிவிட்டது, இதற்குப் பிறகு அறுந்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும், அதைக் கேட்க அந்த ஓனர் லைனில் இருக்கமாட்டார். எவ்வளவு ஏறியது என்று காட்டி நகர்கிற அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் இருந்த என் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

திரையில் 'அப்பா' என்று இருந்தது.

நம்பினால் நம்புங்கள், அந்த நொடியில் எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. அவர் இல்லை என்பதே நினைவுக்கு வரவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன், எத்தனையோ வருஷமாகச் செய்தது போல, ஒரு ரிங் வந்தால் திறக்க வேண்டியதுதானே. திறந்தபிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. வாசலில் யாரும் இல்லை. மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு முருங்கை முறிந்து தெருவில் கிடந்தது, அதன் அடியில், போஸ்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற ஃபைபர் கேபிள் பிய்ந்து தொங்கியது. சாரல் முகத்தில் அடித்தது, சட்டென்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"எங்க பாஸ் போனீங்க? நல்லா போகுது, பார்த்துக்கோங்க," என்றார் தீபக். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மோடம் பிடித்துக்கொண்டது. விஜயவாடா ஓனர் கடைசியில் தெலுங்கும் தமிழுமாக "மீ வொர்க், உங்க வொர்க் ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எல்லோரும் கையசைத்துவிட்டு ஒவ்வொரு கட்டமாக மறைந்துபோனார்கள், என் முகம் மட்டும் திரையில் மிச்சம் இருந்தது.

அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். மிஸ்டு கால், அப்பா, சிவப்பு எழுத்தில் இருந்தது. பின்பக்கம் போனேன், மோடம் பச்சை விளக்கோடு அந்தக் கறுத்த சுவரோரம் அப்படியே இருந்தது, சிம் அதற்குள்தான். சாமி படத்துப் பக்கத்தில் பட்டன் போன் சிம் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த மோடத்தில் கால் பேச வழியே கிடையாது, நெட் மட்டும்தான். என்ன தைரியமோ, அந்த நம்பருக்குத் திரும்ப அடித்தேன். ஒரு ரிங் போனது. யாரோ கட் செய்தார்கள். அதன்பிறகு எத்தனை தடவை அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்தது.

மறுநாள் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். அவர் மோடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்கன வே கால் போவும்? ஸ்பீக்கரும் இல்ல, மைக்கும் இல்ல. நீரு தூக்கம் இல்லாம வேல பாக்கேருன்னு நெனைக்கேன். ஒரு டீ சொல்லட்டா?"

கஸ்டமர் கேருக்கு அடித்து, அந்த நம்பரில் இருந்து வெளியே போன கால் விவரம் வேண்டும் என்றேன். அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள்: "சார், அதுக்கு நம்பர் யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணும்." சரி என்று வைத்துவிட்டேன்.

நெட்வொர்க் கோளாறு என்று முடிவு செய்திருந்தேன். படித்தவன் அப்படித்தான் முடிவு செய்ய வேண்டும். அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். வேலை நல்லபடியாக முடிந்தது, சென்னை போக வேண்டாம் என்று தீபக் சொல்லிவிட்டார் என்றேன். அம்மா அழுதுவிட்டுச் சிரித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

"நேத்து அப்பா நம்பர்ல இருந்து நீயாய்யா அடிச்ச?"

"எப்பம்மா?"

"வெளக்கு வச்ச பெறவு. ரெண்டு ரிங்கு வந்து நின்னுச்சு."

ஆமாம்மா, மோடத்தைச் சோதித்துப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

"அப்படித்தான்யா நெனச்சேன்," என்றாள். பிறகு, "நான் சாப்பிட்டுட்டுப் படுத்துட்டேன்," என்றாள்.

தை மாதம் அம்மா திரும்பி வருகிறாள். புது சிம் வந்துவிட்டது, மேசை டிராயரில் பிரிக்காமல் கிடக்கிறது, மோடத்தில் அப்பா சிம்தான் இன்னும். அதற்குப் பிறகு ஒரு ரிங்கும் வரவில்லை. அம்மாவுக்கு வந்ததுகூட என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தினமும் அந்த நேரம் வந்தால் என் மனசு போய் நிற்பது அந்தக் கதவில்தான். அவர் திறக்கச் சொன்னார், நான் திறந்தேன், மழைக்குப் பயந்து உடனே சாத்திவிட்டேன். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டாரா, இல்லை அந்த மழையிலேயே நின்றாரா, எனக்குத் தெரியவில்லை. சோறு இப்போதும் மீந்துதான் போகிறது. மூடி வைத்துவிட்டு, தூங்கப் போகும்வரை தாழ்ப்பாள் போடுவதில்லை.